கருவி சொன்னதும் நான் எழுதியதும்

சோதனைச்சாலையில் ஒரு பொய்யேனும் எழுதாத மாணவர் நம்மில் எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொன்னால் உயரும் கைகள் சிலவே. அந்தச் சிலவற்றிலும் பக்கத்தில் இருப்பவருக்கு அஞ்சி உயர்ந்தவை இருக்கும். நான் என் கையை உயர்த்த மாட்டேன். ஏன் என்பதைச் சொல்லவும், அந்தப் பொய்க்கு ஒரு மாற்று உண்டு என்பதைச் சொல்லவுமே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்தது எளிய பரிசோதனை. ஈரமான களிமண் வில்லை ஒன்றை மின்னணுத் தராசின் தட்டில் வைக்க வேண்டும். இரவு ஒன்பது மணி முதல் காலை ஐந்து மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடையைப் பார்த்து எழுத வேண்டும். நீர் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை வரைபடமாக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் அறிவுக்கு வேலை குறைவு. விழிப்புக்கு வேலை அதிகம்.

நள்ளிரவு வரை விழித்திருந்தேன். ஒன்றரை மணிக்கு ஓர் எண்ணை எழுதினேன். மேசைமேல் தலையைச் சாய்த்தேன். கண் விழித்தபோது மணி நாலேகால். இடையில் 32 எண்கள் இல்லை. தராசு தன் கடமையைச் செய்துகொண்டே இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

என்ன செய்திருக்க வேண்டும்? "இந்நேரம் உறங்கிவிட்டேன்" என்று எழுதி இடத்தை வெற்றாக விட்டிருக்க வேண்டும். நானோ, ஒன்றரை மணி எடையையும் நாலேகால் மணி எடையையும் வைத்துக்கொண்டு, இடையே மெல்ல வளையும் ஒரு கோட்டை மனத்தில் இழுத்து, 32 எண்களையும் நிரப்பினேன். இயற்கையாகத் தோன்ற வேண்டுமே என்று கடைசி இலக்கத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றியும் வைத்தேன். பொய்க்கு எத்தனை உழைப்பு பாருங்கள்! விழித்திருப்பதைவிட அது அதிக வேலை.

வரைபடம் மிக அழகாக அமைந்தது. ஆசிரியர் பாராட்டினார். சோதனைச்சாலைச் சுவரில் மாதிரியாகத் தொங்கவும் விட்டார். நான் அதைக் கடந்து செல்லும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன். சில வாரங்களில் அதுவும் பழகிவிட்டது.

மறு ஆண்டு நம் சங்கத்துத் தம்பி ஒருவர் அதே பரிசோதனையைச் செய்தார். அவர் இரவு முழுதும் விழித்திருந்தவர். ஒரு நாள் உணவு விடுதியில் என் எதிரே வந்து அமர்ந்தார்.

"அண்ணா, சுவரில் இருப்பது உங்கள் வரைபடம்தானே?"

"ஆமாம். ஏன் கேட்கிறாய்?"

"என் கோடு இரண்டு மணிக்குமேல் ஒரு திருப்பம் திரும்பியது. என் கூட்டாளிக்கும் அப்படியே. உங்கள் படத்தில் அது இல்லை. நாங்கள்தான் எங்கோ தவறிவிட்டோம் போலிருக்கிறது. எண்களைக் கொஞ்சம் சரிசெய்து கொடுத்துவிட்டோம்."

சப்பாத்தி தொண்டையில் நின்றது. நான் சொன்னது ஒரு பொய். அந்த ஒரு பொய் மெய் கண்ட இருவரையும் பொய்யராக்கிவிட்டது. சுவரில் தொங்கிய காகிதம் அவர்கள் கண்ணைவிட நம்பத் தகுந்ததாகிவிட்டது. எண்ணைப் புனைவது தனிமனிதனின் சிறு குற்றம், யாருக்கும் தீங்கில்லை என்று நினைத்திருந்தேன். அன்று அந்த நினைப்பு ஒழிந்தது.

யார் சொல்வது மெய் என்பதைத் தராசிடமே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

அத்தராசின் பின்புறத்தில் ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு சிறு செருகுவாய் உண்டு. நம் சோதனைச்சாலையின் பழைய கருவிகள் பலவற்றில் அது இருக்கிறது. தூசு படிந்து கிடக்கும். நாமும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுதான் சீரியல் வாய். சீரியல் என்றதும் மாலை வேளைத் தொலைக்காட்சித் தொடர் நினைவுக்கு வருவது இயல்பே. பொருளும் ஏறத்தாழ அதுதான்: செய்தி முழுவதும் ஒரே நேரத்தில் வராமல், ஒரே கம்பியில், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வரும். தொடர்கதையில் ஓர் இதழ் தவறினால் கதை அறுந்துபோவதுபோல, இங்கும் ஒரு துளி தவறினால் எழுத்து கெட்டுவிடும்.

இம்முறை புதியதன்று. தந்தி அனுப்புவதற்கு ஐந்து துளிகளால் ஓர் எழுத்து என்ற முறையை 1870களில் வகுத்தவர் எமில் போதோ என்ற பிரெஞ்சுக்காரர். வேகத்தின் அளவாகிய "பாட்" என்ற சொல் அவர் பெயரிலிருந்து பிறந்தது. நம் தராசின் செருகுவாய்க்கு அடிப்படையான ஆர்எஸ் 232 என்ற தரம் அமெரிக்காவில் 1960இல் வெளியானது. அதன் புகழ்பெற்ற திருத்தம் 1969இல் வந்தது. இத்தனை முதிய முறை இன்றும் சோதனைச்சாலைகளில் நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் எளிமை. கம்பியில் மின்னழுத்தம் நேர் 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சுழி. எதிர் 3 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் ஒன்று. பேச ஒரு கம்பி, கேட்க ஒரு கம்பி, பொதுவாக ஒரு கம்பி. ஒன்பது ஊசிகளில் மூன்று போதும்: 2, 3, 5.

இன்றைய மடிக்கணினிகளில் இந்த வாய் இல்லை. ஆகவே யுஎஸ்பி மாற்றுக் கம்பி ஒன்று வாங்கினேன். கருவியையும் கணிப்பொறியையும் இணைத்தேன். பேசுபவர் வாய் கேட்பவர் செவிக்கு நேராக இருக்க வேண்டும் அல்லவா? சில கருவிகளுக்கு நேர்க்கம்பி பொருந்தும். சிலவற்றுக்கு 2ஐயும் 3ஐயும் மாற்றிப் பின்னிய குறுக்குக் கம்பி வேண்டும். இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சோதனைச்சாலை உதவியாளர் பாயி சாஹப் அலமாரியின் அடியிலிருந்து ஒரு குறுக்குக் கம்பியை எடுத்துக் கொடுத்தார். பத்தாண்டுகளாக யாரும் கேட்டதில்லையாம்.

கம்பியை மாற்றியதும் தராசு பேசியது. ஆனால் என்ன மொழியில்! திரையில் சில எண்கள் தெளிவாக வந்தன. இடையிடையே ஏதோ அந்நிய எழுத்துகள். கூர்ந்து பார்த்தேன். 0, 3, 5, 6, 9 ஆகிய ஐந்தும் ஒழுங்காக வருகின்றன. 1, 2, 4, 7, 8 ஆகிய ஐந்தும் கெட்டு வருகின்றன. பாதி எண்கள் நல்லவை, பாதி எண்கள் கெட்டவையா?

கருவியின் கையேட்டைப் பார்த்ததும் புதிர் அவிழ்ந்தது. அத்தராசு ஓர் எழுத்தை ஏழு துளிகளால் எழுதி, எட்டாவதாக ஒரு சாட்சித் துளியைச் சேர்த்து அனுப்புகிறது. எழுத்திலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் சாட்சித் துளி சுழி. ஒற்றைப்படையாக இருந்தால் அதை இரட்டையாக்கச் சாட்சித் துளி ஒன்று. இதுவே இரட்டைப் பாரிட்டி. என் கணிப்பொறியோ எட்டுத் துளியும் எழுத்துக்கே உரியவை, சாட்சி கிடையாது என்று எண்ணிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு தொடக்கத் துளி, பின்னால் ஒரு முடிவுத் துளி என இரண்டு முறையிலும் மொத்தம் பத்துத் துளிகளே. அதனால் அளவு பொருந்தியது, பொருள் பொருந்தவில்லை. 0, 3, 5, 6, 9 ஆகியவற்றின் குறியீட்டில் ஒன்றுகள் இரட்டைப்படை. ஆகவே சாட்சித் துளி சுழியாகி, அவை பிழைத்தன. மற்றவற்றில் சாட்சித் துளி எழுத்துக்குள் புகுந்து உருவைக் கெடுத்தது. அமைப்பை ஏழு துளி, இரட்டைப் பாரிட்டி, வினாடிக்கு 2400 என்று திருத்தினேன். அடுத்த கணமே எடை தெளிவாக வந்தது.

இதை விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பொத்தானை அமுக்கினால் எல்லாம் தானே நடக்கும் என்று ஒதுங்கி இருந்திருந்தால் இந்தப் பாடம் எனக்குக் கிடைத்திராது. கருவியும் கணிப்பொறியும் முன்கூட்டி உடன்பட்டால்தான் எண் எண்ணாகும். இந்த உடன்பாட்டை அறியாதவன் எண்ணை நம்பவும் கூடாது. ஐயுறவும் அவனுக்குத் தெரியாது.

நிற்க. பதிவு செய்யும் மென்பொருளுக்குப் பெரும் செலவு தேவையில்லை. டெரா டெர்ம், புட்டி போன்ற இலவச மென்பொருள்கள் வந்த வரிகளை அப்படியே கோப்பில் சேர்த்துவைக்கும். பைத்தான் மொழி அறிந்தவர்கள் பைசீரியல் என்ற நூலகத்தைக் கொண்டு இருபது வரிகளுக்குள் தாமே எழுதிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் எழுதினேன். ஒரு வரி வந்ததும் கணிப்பொறியின் நேரத்தை முன்னால் சேர்க்க வேண்டும். உடனே வட்டில் எழுதிவிட வேண்டும். பழைய கோப்பை அழிக்காமல் அதன் வாலில் தொடர வேண்டும். இவை மூன்றுமே அதன் உயிர்நாடி. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: டெபியன் வகையில் "டயல் அவுட்" குழுவில் நம் பெயரைச் சேர்த்தால்தான் வாய் திறக்கும்.

முதல் இரவு தோல்வி. கணிப்பொறி நடு இரவில் உறக்கத்தில் ஆழ்ந்துவிட்டது. என்னைப் போலவே! இரண்டாம் இரவும் தோல்வி. அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு மறுபடி துவங்கியது. என் நிரல் துவங்கவில்லை. உறக்கத்தையும் புதுப்பித்தலையும் தடுத்துவிட்டு மூன்றாம் இரவு விட்டேன். வினாடிக்கு ஓர் எடை வீதம் எட்டு மணி நேரத்தில் 28,800 வரிகள். காலையில் வரைந்து பார்த்தேன்.

இரண்டு மணிக்குக் கோடு திரும்பியது. நாலு மணிக்கு மறுபடி பழைய சரிவுக்கு வந்தது.

பாயி சாஹபைக் கேட்டேன். "இரண்டு மணிக்குக் குளிர்காற்று இயந்திரத்தை நிறுத்துவார்கள், நாலுக்குப் போடுவார்கள். மின்செலவு மிச்சம்" என்றார். காற்று நின்றது, உலர்தல் தளர்ந்தது. காற்று வந்தது, உலர்தல் விரைந்தது. அத்தனை ஆண்டு அப்பரிசோதனையில் ஒளிந்திருந்த மெய்யான பாடம் அதுதான். தம்பி அதைக் கண்டார். என் பொய்யை நம்பிக் கைவிட்டார்.

ஆசிரியரிடம் சென்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. எழுந்து போய் வரைபடத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "அந்த இருவரிடமும் நீயே போய்ச் சொல்" என்றார். ஆசிரியரிடம் சொல்வது எளிதாக இருந்தது. தம்பிகளிடம் சொல்வதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

இனி என் கருத்துக்கு வருகிறேன். நம் பல்கலைக்கழகத்தில் நெடுநேரப் பரிசோதனை எதுவாயினும், கருவிக்குப் பேசும் வாய் இருக்குமானால், அதன் பேச்சைக் கணிப்பொறியில் மாணவரே பதிவு செய்ய வேண்டும். கெட்ட வரி, அறுந்த வரி உட்பட அந்த மூலக் கோப்பை விடையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதுவே என் கட்சி.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றை ஒளிக்காமல் எடுத்துக்கொள்வோம்.

"கையால் எழுதினால்தான் பயிற்சி, எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டால் மாணவன் சோம்பேறியாவான்" என்பார் உளர். இதில் பாதி உண்மை இருக்கிறது. கருவியின் முகத்தைப் பார்த்துப் பழகாதவன் அதன் நோயை அறிய மாட்டான். ஆகவே முதல் பத்து எண்களைக் கையால் எழுதுவோம். திரையில் வருவதோடு ஒப்பிடுவோம். அறையின் வெப்பம், கதவு திறந்த நேரம், நாம் செய்த பிழை எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதுவோம். அவை கம்பியில் வாரா. ஆனால் 97 எண்களைப் பார்த்து எழுதுவது பயிற்சியன்று, அது தண்டனை. தண்டனை கிடைத்தவன் தப்பிக்கப் பார்ப்பான். நான் தப்பித்த கதையைத்தான் மேலே சொன்னேன்.

"கோப்பிலுள்ள எண்ணை மாற்ற முடியாதா? மையால் எழுதியதை அழித்தால் தடம் தெரியும், கோப்பை மாற்றினால் தடமே இல்லையே" என்பார் சிலர். இது வலுவான கேள்வி. முடியும் என்பதே நேர்மையான விடை. திருட நினைப்பவனுக்குக் கணிப்பொறி பூட்டன்று, திறவுகோல். ஆனால் நம்மில் பெரும்பாலோர் திருடர்கள் அல்லர். தூக்கம் வந்தவர்கள், அஞ்சியவர்கள், மதிப்பெண்ணை எண்ணிக் கலங்கியவர்கள். வெற்றிடம் இல்லாத இடத்தில் நிரப்பும் ஆசையும் எழாது. மேலும், பரிசோதனை முடிந்த அன்றே மூலக் கோப்பின் ஒரு படியை ஆசிரியரின் கணிப்பொறிக்கு அனுப்பிவிட்டால் பின்னால் கை நீளாது. 28,800 எண்களைக் கூர்ந்த கண்ணுக்குத் தெரியாமல் புனைவது 32 எண்களைப் புனைவதுபோல் எளிதும் அன்று.

"கருவி செய்தவர்களே மென்பொருள் தருகிறார்களே; அது போதாதா?" என்பது மூன்றாவது கேள்வி. மூல எண்ணை அப்படியே கொடுத்தால் போதும். ஆனால் அவற்றுள் சில சராசரி எடுத்து, மேடு பள்ளத்தை நிரவி, அழகான கோட்டை மட்டும் நம் முன் வைக்கின்றன. அதற்கும் நான் செய்ததற்கும் என்ன வேறுபாடு? நிரவுவதைப் பின்னால் நாம் செய்துகொள்ளலாம். நிரவியதிலிருந்து மூலத்தை மீட்க யாராலும் ஆகாது.

மூலப் பதிவின் பெருமைக்கு அறிவியல் வரலாற்றில் சான்றுகள் உண்டு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோஸலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, வானொலித் தொலைநோக்கியின் பதிவுத் தாளை நாள்தோறும் ஏறத்தாழ 100 அடி நீளத்துக்குக் கண்ணால் ஆராய்ந்துவந்தார். அதில் கால் அங்குல அளவே ஒரு கிறுக்கல். குறுக்கீடு என்று தள்ளியிருக்கலாம். அவர் தள்ளவில்லை. தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது, 1.3 வினாடிக்கு ஒரு முறை தவறாமல் வரும் துடிப்பு தெரிந்தது. அதுவே முதன்முதல் அறியப்பட்ட துடிப்பு விண்மீன்.

மற்றொன்று ஓசோன் கதை. தென்துருவத்தின் மேல் ஓசோன் வெகுவாகக் குறைகிறது என்பதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் ஆகிய மூவரும் 1985இல் வெளியிட்டார்கள். தரையில் வைத்த கருவிகளின் பதிவே அவர்களுக்கு ஆதாரம். 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ் 7 செயற்கைக்கோளும் அதே வானைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 180 டாப்சன் அளவுக்குக் கீழே வந்த எண்களை ஐயத்துக்குரியவை எனக் குறித்து வைக்கும்படி அதன் நிரல் அமைந்திருந்தது. நல்லவேளையாக மூல எண்கள் அழிக்கப்படவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவையும் அதே குறைவைச் சொல்லின. "இவ்வளவு குறைவாக இருக்க முடியாது" என்று அந்த எண்களை அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் களிமண் வில்லைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள தூரம். குற்றம் மட்டும் ஒரே இனம்.

இறுதியாக நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. சோதனைச்சாலைப் பேச்சு இந்தியில் நடக்கிறது. புரியாததைப் புரியவில்லை என்று கேட்க நாணி, மற்றவர் எண்ணைப் பார்த்து எழுதிவிடுகிறோம். பொய்யின் வேர்களில் இந்த நாணமும் ஒன்று. ஆகவே பருவத்துக்கு ஒரு ஞாயிறு மாலை சங்க அறையில் கூடுவோம். மூத்தவர்கள் மாற்றுக் கம்பியும் குறுக்குக் கம்பியும் கொண்டுவரட்டும். இளையவர்கள் தத்தம் கருவியின் கையேட்டைக் கொண்டுவரட்டும். வேகம், துளி, பாரிட்டி, முடிவுக்குறி ஆகிய நான்கையும் தாய்மொழியில் ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் காட்டும் ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

அந்தப் பழைய வரைபடம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. முதல் கூட்டத்துக்கு அதை நான் கொண்டுவருகிறேன். தம்பிகள் திருத்திக் கொடுத்த தாள்களையும், திருத்துவதற்கு முன் எழுதிய எண்கள் இருந்தால் அவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்போம்.